ஒற்றைப் புள்ளி வீடு

கஞ்சிக்காரர் லாண்ட்ரியில் கொடுத்து வாங்கின சட்டை ஆள் போடாமலேயே எழுந்து நடந்து போகும் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கஞ்சி அவ்வளவு கனம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. எங்கேயாவது கையெழுத்துப் போடும்போது மட்டும் அதை எடுத்து உதறிப் பயன்படுத்துவார், பிறகு மடித்து வைத்துவிடுவார். மற்றபடி தெருவுக்கெல்லாம் கஞ்சிக்காரர். அதற்காக ஒருநாளும் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

கீழே கடை, மேலே வீடு. கடையின் பின்கட்டில் பாய்லர் பொழுது விடியும் முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். பக்கத்தில் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய மிஷின், அதற்கப்பால் குழாயடி, கொடிக்கயிறு, முன்பக்கம் இஸ்திரி மேஜை. மகன் வேனை எடுத்துக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாகப் போய் விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக ஏற்றி வருவான். மருமகள் கைக்குழந்தையோடு கல்லாவில் இருப்பாள். வியாபாரத்துக்குக் குறைவில்லை. குறைவு என்றால் கஞ்சிக்காரரின் மனைவி ஒருத்திதான். அவள் போய் ஆறு வருஷமாகிறது. எந்நேரமும் வெந்நீர் கொதிக்கிற அந்த வீட்டில் வெந்நீரைக் கண்டாலே விலகிப் போகிறவள் அவள். எந்தக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில்தான் தலைக்கு ஊற்றிக்கொள்வாள். வெந்நீர் பட்டால் தோல் தடித்துப் போகுமாம். "பாய்லர் வச்சிருக்கிறவன் பொண்டாட்டி நடுங்கிக்கிட்டுக் குளிக்கிறா, பார்த்தியா கூத்தை" என்று அவர் கேலி பண்ணாத நாள் கிடையாது. அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

இன்னொரு பிள்ளை சின்னவள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் கஞ்சிக்காரர் திண்டாடிப் போவார். "படம் போடுறா" என்பார். உடனே, "துணியில நூல் வச்சுத் தைக்கவும் செய்வா" என்பார். அப்புறம், "மிஷின் சத்தம், தண்ணிச் சத்தமெல்லாம் ஒரு பெட்டில பிடிச்சு வைக்கிறா. லைட்டு வச்சு நிழல் காட்டுறா. எல்லாம் சேர்த்தா என்னன்னு கேட்டா அவளைத்தான் கேக்கணும்" என்று முடிப்பார். ஆனால் பேப்பரில் அவள் படம் வந்தபோது அதைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினவரும் அவர்தான்.

அந்த மழைக்காலத்தில்தான் வீட்டில் பேச்சு முட்டிக்கொண்டது.

மழைக்காலம் என்றால் லாண்ட்ரிக்காரனுக்குத் தலைவலி. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது, உலர்த்தும் மிஷினுக்கோ ஹோட்டல் துணியே சரியாகப் போகும். அப்படி ஒரு சாயங்காலம் டியூஷன் வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார்.

"கஞ்சிக்காரரே, நெஞ்சுல எண்ணெய் கொட்டிடுச்சு."

மருமகள் பிரித்துப் பார்த்தாள். "வடியிற அளவுக்குக் கொட்டியிருக்கீங்களே சார். டாக்டர் பொரிச்சது தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு உங்க வீட்டு அக்கா சொன்னாங்க."

"அதுக்குத்தாம்மா இங்க வந்தேன். வீட்டுல போட்டா அவ கண்ணுல படும்."

"எண்ணெய்க்குச் சுடுதண்ணியும் சோடாவும் காட்டணும். பச்சைத் தண்ணில எத்தனை தடவை அலசினாலும் அசையாது. கொதிக்கிற தண்ணிக்கு உங்க சட்டைச் சாயம் தாங்குமா?"

"தாங்கும், தாங்காட்டியும் பரவாயில்ல. அவளுக்குத் தெரியக்கூடாது."

கஞ்சிக்காரர் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார். "வாத்தியாரே, இந்தக் கடையிலேருந்து கறை போகும். பேச்சு போகாது. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். நிம்மதியாப் போங்க."

வாத்தியார் போனதும் மேஜையின் மறு ஓரத்தில் தைத்துக்கொண்டிருந்த சின்னவள் தலையைத் தூக்கினாள். அடுத்த வாரம் ஒரு பழைய கிடங்கில் அவளுடைய கண்காட்சி. ஹோட்டல்காரர்கள் கழித்துப்போட்ட வெள்ளை விரிப்புகளை எடுத்து, டீத்தண்ணீரும் காப்பித்தண்ணீரும் காய்ச்சி, கறையாலேயே ஆட்களை வரைந்திருந்தாள். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் சிவப்பு நூலில் குறி. லாண்ட்ரிக்காரன் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் போடுவானே, அந்தக் குறி. துணி மாறிப் போகாமல் இருக்கக் கொள்ளுத்தாத்தா தொடங்கினது. இரண்டு கோடு ஒரு வீடு, முக்கோணம் ஒரு வீடு, சீப்பு மாதிரிப் பல் பல்லாய் இருந்தால் இன்னொரு வீடு. இரண்டு கோட்டு வீட்டுப் பெண் முக்கோண வீட்டுப் பையனைக் கட்டித் தனிக்குடித்தனம் போனால் அந்த வீட்டுக்கு முக்கோணத்துக்குள்ளே இரண்டு கோடு. கஞ்சிக்காரர் வீட்டுக்கு ஒரே ஒரு புள்ளி.

"ஏம்ப்பா, இதையும் அப்படித்தான் நினைக்கிறீங்களா? பேச்சு வெளிய போறதா?"

"பின்ன? ஊரான் வீட்டுக் கறையைக் கொண்டுபோய் நாலு பேர் பார்க்கத் தொங்கவிட்டா அதுக்குப் பேர் என்ன?"

"கறை நான் டீயைக் காய்ச்சிப் போட்டதுப்பா. யார் வீட்டுதும் இல்ல."

"கறை உன்னுது. குறி அவங்களுது."

"குறியைப் படிக்க உங்களையும் என்னையும் விட்டா யாருக்குத் தெரியும்? கொள்ளுத்தாத்தாவுக்கு எழுத்து வராது. அதனால குறி வச்சாரு. யாரை யாரு கட்டினா, யாரு பிரிஞ்சு போனா, எந்த வீட்டுல குழந்தை பொறந்துச்சு, எல்லாம் அதுலயே இருக்கு. மத்த குடும்பத்துல பழைய போட்டோ இருக்கும், பாட்டு இருக்கும். நமக்கு இருக்கிற சொத்து இது ஒண்ணுதான். இதை வச்சுக் கதை சொல்லலேன்னா நான் வேற எதை வச்சுச் சொல்ல?"

"சொல்லு. வேண்டாங்கல. வெள்ளைத் துணியில சொல்லு."

"வெள்ளைத் துணியில யாருப்பா இருக்கா? ஒருத்தரும் இல்ல. கறையிலதான் ஆள் இருக்காங்க."

அவருக்குச் சுருக்கென்றது. வாழ்நாள் முழுக்க வெள்ளையாக்கியே பிழைத்த மனுஷனிடம் சொல்கிற பேச்சா அது? நிமிர்த்தி வைத்த இஸ்திரியை மறுபடி கையில் எடுத்தார்.

"மாமா, சூப் ஆறுது" என்றாள் மருமகள். "ரெண்டு பேரும் வந்து குடிங்க. கறை எங்கயும் ஓடிப் போகாது."

சாப்பிட்டார்கள். ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு மகன் ஹோட்டல் மானேஜரைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிற வழக்கமில்லை, மிஷின் போடுகிற சத்தமே போதும்.

இரண்டு நாள் கழித்துச் சின்னவள் படம் போட வாடகைக்கு எடுத்திருந்த அறையில் கூரை ஒழுகிவிட்டது. விரிப்புகள் நனைந்து போயின. பதறியடித்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் வேனோடு போய், கையில் கிடைத்த லாண்ட்ரி மூட்டைப் பையிலேயே அத்தனையையும் திணித்து ஏற்றி வந்தான். பாய்லர் பக்கம் கதகதப்பாக இருக்கும், காலையில் பிரித்து உலர்த்தலாம் என்று சின்னவள் பையை அங்கே வைத்தாள். அப்பா அதற்குள் தூங்கிப் போயிருந்தார். அண்ணியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

விடியும் முன் எழுந்து வருகிறவர் கஞ்சிக்காரர். பாய்லர் பக்கத்தில் ஹோட்டல் பைகள் வரிசையாக இருந்தன. ஓரத்துப் பையைத் தொட்டார். சொதசொதவென்று ஈரம். 'ஈரத்தோட கட்டிப் போட்டிருக்கானுங்களே, இன்னும் அரைநாள் போனா கரும்புள்ளி விழுந்துடும், அப்புறம் எவனாலும் எடுக்க முடியாது' என்று முணுமுணுத்துக்கொண்டே வாயைப் பிரித்தார். கை உள்ளே போயிற்று. பழுப்புக் கறை. மூலையில் சிவப்பு நூல் விரலில் நெருடியது. ஹோட்டல் விரிப்பென்றால் கறையும் இருக்கும், நூலும் இருக்கும். வேறென்ன யோசிக்க? சுருண்டு கிடந்ததை ஒவ்வொன்றாக உருவி மிஷினுக்குள் தள்ளினார். டீக்கறைக்கு எவ்வளவு சோடா என்று கைக்குத் தெரியும். போட்டார். வெந்நீரைத் திறந்துவிட்டார். கதவைச் சாத்தினார்.

பையை உதறி மடிக்கும்போதுதான் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் விழுந்தது. அதற்குள் ஒரு தலையணை உறை, நனையாமல், உலர்ந்தபடி. மூலையைப் பார்த்தார். ஒற்றைப் புள்ளி.

நம் வீட்டு உறை ஹோட்டல் பையில் எப்படி வந்தது?

வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நடுவில் எண்ணெய்க் கறை. ஒரு தலை சாய்ந்து சாய்ந்து பதிந்த கறை, மஞ்சள் பூத்து. கறையைச் சுற்றி மெல்லிய சிவப்பு நூலோட்டம், வேறு ஒன்றுமே இல்லை. மனைவி போன மறுநாள் வீட்டுத் துணியெல்லாம் வாரிப் போட்டுத் துவைத்தவர் அவர்தான். அன்றைக்கு ஒரு உறை குறைந்தது. அவர் கவனித்தார், யாரிடமும் கேட்கவில்லை. அந்த உறைதான் இது.

நூலோட்டத்தைப் பார்த்த பிறகு இது யார் கைவேலை என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஓடிப்போய் மிஷினின் கண்ணாடியில் முகத்தை வைத்தார். தண்ணீர் டீயாகிச் சுழன்றுகொண்டிருந்தது. மிஷின் ஓடி முடிக்கிற வரைக்கும் அந்தக் கதவு திறக்காது. கண்ணாடியை ஒட்டி ஒரு துணி வந்து போயிற்று. இஸ்திரி மேஜையில் குனிந்து நிற்கிற ஒரு ஆள் அதில் தெரிந்தான், பாதி கரைந்து. குனிகிற குனிவே சொன்னது, அது அவர்தான்.

அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன் என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கையில் உறை இருந்தது. இதுவும் போய் அந்தக் கிடங்கில் தொங்கப் போகிறது, வருகிறவன் போகிறவனெல்லாம் நின்று பார்க்கப் போகிறான். தலை பின்னாமல் பால்காரனுக்குக் கூடக் கதவைத் திறக்காதவள் அவள். அழுக்குத் துண்டு ஒன்று முன்கடையில் கிடந்தால் முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போகிறவள். அவள் தலைக் கறையை ஊர் பார்க்க விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு இருக்க?

எழுந்து குழாயடிக்குப் போனார். பக்கெட்டில் தண்ணீர் பிடித்தார். சோப்பைக் கையில் குழைத்து, கல்லில் தேய்க்காமல், உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுத்தார். தண்ணீர் சில்லென்று விரலைக் கடித்தது. சிவப்பு நூல் ஒன்றுகூட அறுந்துபோகாதபடி அலசி, பிழியாமல், நிழலில் போட்டார்.

அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது கை தெரிந்ததைத்தானே செய்யும்? விரிப்புகளை எடுத்து, உலர்த்தும் மிஷினில் போட்டு, இஸ்திரி பண்ணி, விளிம்போடு விளிம்பு வைத்து மடித்து அடுக்கினார்.

சின்னவள் இறங்கி வந்தபோது மேஜையில் வெள்ளை வெளேரென்று அடுக்கு. மூலைகளில் மட்டும் சிவப்புக் குறிகள்.

அவள் மேல் விரிப்பைப் பிரித்தாள். அடுத்ததைப் பிரித்தாள். அண்ணி பின்னாலேயே வந்து வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, மாமாகிட்ட சொல்லணும்னு நினைச்சேன். அதுக்குள்ள குழந்தை எழுந்து அழுதுச்சு, அப்படியே தூங்கிட்டேன்."

"தெரியாமப் போட்டுட்டேன்மா" என்றார் கஞ்சிக்காரர். "ஹோட்டல் பைன்னு நினைச்சேன்."

ஒன்றரை வருஷத்து வேலை. சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த உறையைப் பார்த்தாள். முகமே மாறிப் போயிற்று. போய் அதைக் கையில் எடுத்தாள்.

"இதுவும் தெரியாமத்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பெற்ற பெண் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"இல்ல. இது தெரிஞ்சுதான்."

"அம்மா தலை வச்ச இடம்ப்பா. இத்தனை வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி பட விடாம வச்சிருந்தேன். இந்த வீட்டுல தொவைக்காத துணி இது ஒண்ணுதான். ஒண்ணே ஒண்ணு. அதைக்கூட உங்களால விட முடியலையா?"

"அவ இருந்திருந்தா விட்டிருப்பாளாம்மா? நாலு பேர் முன்னாடி..."

"எனக்கு அவங்க இல்லையே. அதனாலதானே இதை வச்சிருந்தேன்."

விரிப்புகளையும் உறையையும் எடுத்துக்கொண்டு மழையோடு கிளம்பிப் போனாள். கிடங்கிலேயே ஒரு கட்டில் போட்டுக்கொண்டு தங்கிவிட்டாள். அண்ணன் டப்பாவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, காலி டப்பாவை வாங்கி வந்தான். "சாப்பிடுறா. பேசமாட்டேங்கிறா" என்றான்.

கஞ்சிக்காரர் வழக்கம்போல எழுந்தார், பாய்லர் போட்டார், இஸ்திரி பிடித்தார். ஆனால் சட்டைகளெல்லாம் தொளதொளவென்று வந்தன. கஞ்சி போடவே மறந்துபோயிருந்தார். ஒரு காலரைக் கருக்கியும் விட்டார். வாத்தியார் எண்ணெய்ச் சட்டையை வாங்க வந்து, "என்ன கஞ்சிக்காரரே, சட்டை படுத்துக் கிடக்கு" என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

கண்காட்சிக்கு முதல்நாள் மத்தியானம் மருமகள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க மாமா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான். வேற மூஞ்சி இஸ்திரி போட்டா வச்சிருக்கோம்?"

"அவ என்னை உள்ள விடமாட்டா."

"விடலேன்னா திரும்பி வந்துடுங்க. வேன் வெளியதான் நிக்குது."

போனார். கிடங்குக்குள் ஈரச்சுவர் நெடியும் மரத்தூள் நெடியும் கலந்து அடித்தது. கூரையிலிருந்து விரிப்புகள் கம்பியில் தொங்கின. வெள்ளை, ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளை. சின்னவள் ஏணியில் நின்று எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். இறங்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ம்."

"அங்க நில்லுங்க. அந்த வயரை மிதிக்காதீங்க."

எங்கேயோ ஒரு பொத்தானை அழுத்தினாள். முன்பக்க விளக்குகள் அணைந்து, விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. கஞ்சிக்காரர் கண்ணைச் சுருக்கினார். வெள்ளைக்குள்ளே ஆட்கள் இருந்தார்கள். நேரே பார்க்கும்போது இல்லாதவர்கள், வெளிச்சம் பின்னால் வந்ததும் மங்கலாக எழுந்து நின்றார்கள். இரண்டு கோட்டு வீட்டுப் பெண் மூட்டையோடு நடந்தாள். முக்கோண வீட்டில் யாரோ தொட்டிலை ஆட்டினார்கள். சோடாவும் வெந்நீரும் கண்ணுக்குத் தெரிந்த கறையைத்தான் எடுத்திருந்தன, நூலுக்குள் ஊறிக் கிடந்தது விட்டுக்கொடுக்கவில்லை. ஒலிபெருக்கியில் இஸ்திரியை நிமிர்த்தி வைக்கிற 'டொக்' கேட்டது. நடுநடுவே யாரோ மூக்கால் ராகம் இழுத்தார்கள்.

"யாரது, இவ்வளவு கேவலமா?"

"நீங்கதான்."

"நான் பாடுறதே இல்லையே."

"இஸ்திரி போடும்போது பாடுவீங்க. உங்களுக்குத் தெரியாது." ஏணியிலிருந்து இறங்கினாள். "மூணு விரிப்பு சுத்தமாப் போச்சுப்பா. எந்த வெளிச்சத்துலயும் ஒண்ணும் இல்ல. அதையும் அப்படியே மாட்டிட்டேன். மத்தது பரவாயில்ல. முன்னைக்கு இது நல்லாருக்கோன்னுகூடத் தோணுது. ஆனா கோபம் போகல."

"போக வேண்டாம்" என்றார். "இருக்கட்டும்."

கடைசிக் கம்பி மட்டும் காலியாக இருந்தது. அது எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். சின்னவள் மேஜையிலிருந்து உறையை எடுத்து வந்தாள். மஞ்சள் போயிருந்தது. சிவப்பு நூலோட்டத்துக்குள்ளே வெறும் வெள்ளை.

"இதை மட்டும் லைட்டுல பிடிச்சுப் பார்க்க எனக்குத் தைரியம் வரல. அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா என்ன பண்றது? அதனால மாட்டல."

கஞ்சிக்காரர் கையை நீட்டினார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள். வாங்கி, இரண்டு மூலையையும் விரலில் பிடித்து, உதறிப் பார்க்கிற பழக்கத்தை அடக்கிக்கொண்டு, மெதுவாக விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

சிவப்பு நூலுக்குள் எண்ணெய் விடாத துணி கண்ணாடி மாதிரித் தெளிந்து நின்றது. ஒரு தலை அளவுக்கு. ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக அழுந்தி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறவளின் தலை. கறை ஒரு நூலளவுகூடக் குறையவில்லை.

ஒலிபெருக்கியில் தண்ணீர் ஓடி நின்றது.

"முகம் தெரியலையே" என்றார் அவர். "முடியும் தெரியல. சாய்ஞ்ச இடம் மட்டும்தானே இருக்கு. இதுக்கு அவ ஒண்ணும் சொல்லமாட்டா." சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற துணி கிளிப்புகளில் இரண்டை எடுத்து, காலிக் கம்பியில் உறையை அவரே மாட்டினார். கோணலில்லாமல் இழுத்துவிட்டார்.

சின்னவள் கிட்டே போய்க் கறையை விரலால் தொட்டாள். லாண்ட்ரியில் பிறந்து வளர்ந்த பெண். திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, இதை எந்தத் தண்ணில தொவைச்சீங்க?"

"குழாயடியில. பச்சைத் தண்ணிலதான்."

"பக்கத்துல பாய்லர் கொதிச்சுக்கிட்டு இருக்கு. எண்ணெய்க் கறைக்குப் போய் யாராவது பச்சைத் தண்ணி பிடிப்பாங்களா? நீங்க பிடிப்பீங்களா?"

கஞ்சிக்காரர் யோசித்தார். அன்றைக்குக் காலையில் அதை யோசித்ததாகவே அவருக்கு ஞாபகமில்லை.

"அவளுக்குச் சுடுதண்ணி ஆகாதேம்மா" என்றார்.